இரங்கல் பக்கத்தில் என் படம்

அக்ரஹாரம், மைசூரு
சனிக்கிழமை, தை 26

மைத்துனர் சேகரனுக்கு, உன் அக்காள் வீட்டுக்காரன் மாணிக்கவாசகம் வாழ்த்திச் சொல்லிக்கொள்வது. பெங்களூரில் நீயும் அஞ்சலையும் குழந்தை யுவனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இப்போது எட்டு நாளாகப் பூஜையறைக்கு வெளியே நின்று வேண்டிக்கொள்கிறேன், காரணம் பின்னால் வருகிறது. இங்கே உன் அக்காள் உமாதேவி சௌக்கியம். நானும் உடம்பளவில் சௌக்கியம். ஆனால் நேற்று மாலை நான்கரை மணியிலிருந்து நம் வெப்சைட்டில் நான் காலமாகிவிட்டேன். நீ அதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே பஸ் ஏறிவிடக் கூடாதே என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். நீ அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா மாப்பிள்ளை.

போனில் சொல்லலாமே என்பாய். தசராவுக்கு வந்திருந்தபோது, "சர்வர் விஷயமா இனிமே போன் பண்ணாதீங்க மச்சான், ஆபீஸ் மீட்டிங்ல மானம் போகுது. எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டது நீதான். மெயிலில் எழுதலாம் என்றால், என் மெயிலும் அதே சர்வரிலிருந்து புறப்படுவதால் உன் ஆபீஸ் கம்ப்யூட்டர் அதைக் குப்பையில் தள்ளிவிடுகிறது. நேற்று மட்டும் மனசு கேட்காமல் மூன்று தடவை போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. செத்தவன் நம்பரிலிருந்து வருகிறதே என்று பயந்துவிட்டாயோ என்னவோ. ஆகவே பேனாவைக் கையிலெடுத்தேன். மண்டி மொஹல்லா கூரியர்காரன் திங்கட்கிழமை காலையில் கடிதம் உன் கையில் இருக்கும் என்று சத்தியம் செய்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். நஞ்சன்கூடு ஃபாக்டரியில் இருபத்தொன்பது வருடம் மின்சாரப் பராமரிப்பில் இருந்தவன் நான். ஓடுகிற எதுவும் நிற்கக் கூடாது என்பது என் ரத்தத்தில் ஊறிப்போனது. ஓய்வு பெற்ற மறு மாதமே, ஹனூர், கொள்ளேகால் பக்கத்துச் சொந்தமெல்லாம் மைசூரு, பெங்களூர், திருப்பூர் என்று சிதறிக் கிடக்கிறதே, யார் வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் எல்லோருக்கும் ஒரே இடத்தில் தெரியட்டும் என்று 'நம்ம சனம்' வெப்சைட்டை ஆரம்பித்தேன். யாரோ ஒருவனுக்கு மாதாமாதம் பணம் கட்டி அவன் கம்ப்யூட்டரில் வைப்பதா, நம் வீட்டு நல்லது கெட்டது நம் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி, சர்வராக்கி, ராத்திரி பகல் ஓடவிட்டேன். முதலில் ஹாலில் வைத்தேன். வந்த விருந்தாளி ஒவ்வொருவரும் போனுக்குச் சார்ஜ் போட அதன் பிளக்கைத்தான் பிடுங்கினார்கள். அடுக்களைப் பரணுக்கு மாற்றினேன், தாளிப்புப் புகை ஏறி விசிறி பிசுபிசுத்து நின்றது. படுக்கையறைக்குக் கொண்டுபோனேன், "இந்தப் பெட்டி இங்க இருந்தா நான் எந்தம்பி வூட்டுக்குப் போறனுங்க" என்றாள் உன் அக்காள். நீயும் அஞ்சலையும் இருப்பதோ ஒற்றைப் படுக்கையறை வீடு, உன் நன்மையை உத்தேசித்து அங்கிருந்தும் எடுத்தேன்.

கடைசியில் மிஞ்சியது பூஜையறை. யோசித்துப் பார், அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. வெயில் விழாது, தூசி இல்லை, சாமி விளக்கு அணையக் கூடாதென்று இன்வெர்ட்டர் லைன் அங்கே இழுத்திருக்கிறது, எந்த விருந்தாளியும் சார்ஜர் சொருக வர மாட்டான். உமாதேவி இரண்டே நிபந்தனை போட்டாள். குளிக்காமல் பெட்டியைத் தொடக் கூடாது, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது வாயைத் திறக்கக் கூடாது. ஒப்புக்கொண்டேன். அன்று முதல் சர்வரில் ஒரு புள்ளி மாற்ற வேண்டுமென்றாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு போய் உட்காருகிறேன். ஆரம்பத்தில் ஒரே நாளில் மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்து ஜலதோஷம் பிடித்ததும் உண்டு. ஆனால் பலன் என்ன தெரியுமா? இன்றோடு இருநூற்றுப் பன்னிரண்டு நாள் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் ஓடுகிறது. உன் ஆபீஸ் சர்வர் ஓடியிருக்கிறதா?

நடுவில் ஒரு தடவை எவனோ வெளியிலிருந்து உள்ளே புகுந்து இரங்கல் பக்கத்தில் முடி வளரும் தைலத்துக்கு விளம்பரம் போட்டுவிட்டுப் போனான். துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் நாலு பேர் தைலத்தை விசாரித்தார்கள். அன்றைக்கே எல்லா வாசலையும் அடைத்தேன். இனி அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, அதன் கீபோர்டிலோ மௌஸிலோ கை வைத்தால்தான் எதையும் மாற்ற முடியும். போனிலிருந்து பார்க்கலாம், கை வைக்க முடியாது. இதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை காலை குளித்துவிட்டுப் பெட்டியின் முன் உட்கார்ந்திருக்கும்போதே போன் வந்தது. ஹனூர்க் கரியப்பன் போய்விட்டார், எண்பத்துநாலு வயது, எனக்குச் சித்தப்பா முறை, பங்காளி. வாட்ஸப் குழுக்களில் வருவதற்கு முன்னால் நாம் போட்டுவிட வேண்டுமே என்று, உறவினர் பட்டியலில் கரியப்பன் பெயரை மௌஸால் அமுக்கி, ஏழே நிமிஷத்தில் இரங்கல் செய்தியைப் போட்டேன். படம், வயது, மனைவி மக்கள் பெயர், படத்தைச் சுற்றி மாலை, எல்லாம் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்படி நானே எழுதிய புரோகிராம். போட்டுவிட்டு வெளியே வந்து உமாதேவியிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் பூஜையறைக் கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள்.

"பங்காளி வூட்டுச் சாவுங்க. பதனாறு கழிஞ்சு, வூடு கழுவி உட்டு, தண்ணி தெளிச்சாத்தான் நீங்களும் நானும் உள்ள காலு வெக்கோணும்" என்றாள்.

நியாயந்தான், நானும் சரி என்றேன். அரை மணி நேரத்தில் கொள்ளேகாலிலிருந்து போன் வந்தது. எடுத்தால் கரியப்பன். செத்த கரியப்பன் இல்லை, பட்டியலில் அவருக்கு நேர் கீழே இருக்கும் கொள்ளேகால் கரியப்பன், ஐம்பத்தாறு வயது, எனக்கு மச்சான் முறை.

"ஏனுங் மச்சான், நான் செத்துப்போயிட்டனாமா? வாசல்ல நாலு பேரு மாலையோட வந்து நிக்கறாங்கொ. நாந்தான் கதவத் தொறந்தனுங். மாலைய யாருக்குப் போடறதுன்னு தெரியாம முழிக்கறாங்கொ."

பின்னாலிருந்து அவர் மனைவி ராமக்காள் போனைப் பிடுங்கினாள். "உங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா அண்ணா? நான் பூவும் பொட்டுமா நிக்கறேன், என்னைய மூளியாக்கிப் போட்டீங்களே!" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சாத்திய கதவைப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் விசிறி நிம்மதியாகச் சுழலும் சத்தம் கேட்டது.

இத்தோடு போயிருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். கரியப்பனின் மகள் கனகாவுக்கு வருகிற புதன்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைப் பையன் பரத்தும் அவளும் நஞ்சன்கூட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து மனசுக்குப் பிடித்துப்போனவர்கள். இரண்டு வீட்டாரையும் சம்மதிக்க வைக்க அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. மாசி பிறந்ததும் பையன் வேலைக்குத் துபாய் போகிறான், ஆகவே தை முடிவதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டுமென்று ஏற்பாடு. சாமராஜநகரில் இருக்கிற பையனின் பெரியப்பா லிங்கப்பன் ஆரம்பத்திலிருந்தே அரைமனசுக்காரர். அவர் கண்ணில்தானா நம் பக்கம் பட வேண்டும்? கரியப்பன் உயிரோடு போய் நேரிலேயே நின்றிருக்கிறார். அதற்கு லிங்கப்பன் என்ன சொன்னார் தெரியுமா?

"நீங்க நல்லா இருக்கறது சந்தோசமுங்க. ஆனா செத்ததா எழுதுனது எழுதுனபடியே இருக்குதல்லங்க? ஊர்ச்சனமெல்லாம் படிச்சிருக்குது. போட்ட எடத்துலயே மாத்திப் போடச் சொல்லுங்க. அது வரைக்கும் தட்டு மாத்தறதுக்கில்லீங்க."

புதன்கிழமை எங்களுக்குப் பன்னிரண்டாம் நாள். தீட்டுக் கழிவதோ பதினாறாம் நாள். நான் கதவுக்கு வெளியே, சர்வர் கதவுக்கு உள்ளே. "அணைச்சாவது தொலைங்க, மெயின் சுவிட்ச் வெளியதான இருக்குது" என்றாள் உமாதேவி. அணைத்தால் மட்டும் சரியாகிவிடுமா? போட்ட இடத்தில் மாற்றிப் போடு என்கிறார் லிங்கப்பன், கடையைச் சாத்திக்கொண்டு ஓடு என்று சொல்லவில்லை. தவிர, மெயினை அணைத்தாலும் பெட்டி இன்வெர்ட்டரில் ஓடும், அப்படித்தான் நான் அமைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே இருநூற்றுப் பன்னிரண்டு நாள், மாப்பிள்ளை! ஒரு தப்பும் செய்யாத இயந்திரத்தை நான் ஏன் நிறுத்த வேண்டும்? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

தீட்டு பங்காளிகளுக்குத்தானே, வேற்றாள் உள்ளே போகலாமே என்ற யோசனை நேற்றுத்தான் வந்தது. கீழ் வீட்டில் குடியிருக்கும் மல்லப்பனைக் கூப்பிட்டேன். மண்டி மொஹல்லாவில் காப்பித்தூள் கடை வைத்திருக்கிறார், தங்கமான மனுஷன், கன்னடக்காரர், தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. பாவம், குளித்து, நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு, சாமிக்கு ஒரு கும்பிடு, சர்வருக்கு ஒரு கும்பிடு போட்டு உட்கார்ந்தார். நான் நிலைப்படிக்கு வெளியே பாய் போட்டுக்கொண்டு உத்தரவு கொடுத்தேன். முதலில் படத்தை மாற்றுவோம், பெயர் விவரத்தை அப்புறம் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்கிறேன் என்று திட்டம். "மேலே இடது பக்கம் நீலப் பட்டன்" என்றேன். "நீலம் எரடு இருக்கு சார்" என்றார். "பெரியது" என்றேன். "ரெண்டும் பெரிசு சார்" என்றார். நான் இருந்த கோணத்திலிருந்து எனக்குத் திரையும் தெரியவில்லை, பிள்ளையார் படந்தான் தெரிந்தது. முக்கால் மணி நேரம் இப்படியே போனது. "வரிசையா குட்டிக் குட்டிப் படம் வரும், அதுல வயசானவர் ஒருத்தர் மீசை வச்சிருப்பார், அதை அமுக்குங்க" என்றேன். அமுக்கினார்.

"ஆயித்து சார், ஆயித்து! பழைய போட்டோ போச்சு, புதுசு வந்துடுச்சு!"

போனைத் திறந்து பார்த்தேன். கொள்ளேகால் கரியப்பனின் பெயர், அவர் வயது, அவர் மனைவி ராமக்காள், மகள் கனகா, எல்லாம் அப்படியே இருக்கின்றன. மாலைக்கு நடுவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் மீசை உண்டு என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

மல்லப்பன் எட்டி என் போனைப் பார்த்தார், முகம் வெளுத்துப் போயிற்று. "சார், பிளக்க பிடுங்கிடட்டுமா?" என்றார். "கை வச்சா தெரியும்!" என்று நான் போட்ட சத்தத்தில் மனுஷன் எழுந்து வெளியே வந்துவிட்டார். "வேண்டா சார். நல்லா இருந்த உங்கள சாகடிச்சுட்டேன். இன்னொரு தடவை கை வச்சா மூணாவது யாரோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனவர் இன்று காலையில் என்னைப் பார்த்தும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அதற்குள் உமாதேவிக்குத் துக்கம் விசாரித்து ஒன்பது போன். ஒன்பதையும் நானே எடுத்து நன்றி சொன்னேன்.

சாமராஜநகரிலிருந்து வந்தது பத்தாவது போன். லிங்கப்பன். "பொண்ணுக்கு அப்பான்னு படத்துல வேற ஆளு இருக்கறாரே. அன்னிக்குப் பொண்ணு பாக்க வந்தப்போ அப்பான்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தாரே, அவரு யாருங்க?" என்கிறார். அவர்தான் நிஜ அப்பா என்றேன். நான் பேசுவதைக் கேட்டதும், "நீங்க யாருங்க பேசறது?" என்றார். பெயரைச் சொன்னால் செத்தவன் பேசுகிறான் என்பார். போனை வைத்துவிட்டேன்.

சிரிக்காதே மாப்பிள்ளை. அந்தப் பெண் கனகாவை நினைத்துப் பார். இரண்டு வருடம் போராடி வாங்கிய சம்மதத்தை நான் ஏழு நிமிஷத்தில் கெடுத்துவிட்டேன். புதன்கிழமை தட்டு மாறாவிட்டால் பையன் துபாய்க்குப் போய்விடுவான், லிங்கப்பன் வேறு இடம் பார்த்துவிடுவார். என் உயிர் போனாலும், அதாவது இன்னொரு தடவை போனாலும், செவ்வாய்க்கிழமைக்குள் அந்தச் செய்தியை மாற்றியே தீருவேன். அதே சமயம் சர்வர் நிற்காமல்தான் மாற்றுவேன், இதிலும் மாற்றமில்லை. பணம் கட்டி வேறு இடத்தில் வைக்கச் சொல்லி நீ ஆரம்பித்தால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடு, எனக்குப் பதிலே வேண்டாம்.

ஆகவே நீ புறப்பட்டு வா. நீ மைத்துனன், உனக்கு இந்தத் தீட்டு ஒட்டாது, தமிழ் படிப்பாய், கம்ப்யூட்டரை வைத்துச் சோறு சாப்பிடுகிறவன். திங்கட்கிழமை கடிதம் கிடைத்ததும் லீவு சொல்லிவிட்டுச் சாயங்கால ரயிலைப் பிடி. வந்ததும் குளி. நான் தனித்தாளில் பத்தொன்பது படிகளாக எழுதி வைத்திருக்கிறேன், அதன்படி செய்தால் போதும், உன் சொந்த யோசனை எதையும் கலக்க வேண்டாம். பிளக்கின் பக்கம் மட்டும் போகாதே.

அஞ்சலைக்கு என் அன்பைச் சொல். யுவனுக்குச் சளி குறைந்ததா என்று உமாதேவி கேட்கச் சொன்னாள். உங்கள் மூவருக்கும் ஆயுசு கெட்டியாக இருக்கட்டும் என்று வெப்சைட்டுக்கு வெளியே இன்னும் உயிரோடிருக்கும் நான் மனசார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள மச்சான்,
மாணிக்கவாசகம்

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது வாசலில் கனகா வந்து நின்றாள். கொள்ளேகாலிலிருந்து பஸ் பிடித்துத் தனியாக வந்திருக்கிறாள். தீட்டு வீட்டில் தண்ணீர்கூட வேண்டாம், வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொள்கிறேன் அத்தை என்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. நான் கதவு, தீட்டு, இன்வெர்ட்டர், பத்தொன்பது படி எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தீட்டு ரூமுக்குள்ள போறதுக்குத்தான மாமா? பொட்டிய வெளிய எடுத்து வெச்சா நீங்களே தொடலாமல்லங்க?" என்றாள்.

நானும் உமாதேவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எட்டு நாளாக இது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. கனகா மச்சான் வீட்டுப் பெண், தீட்டும் கிடையாது. "கால் கழுவிட்டுப் போ கண்ணு" என்று உமாதேவி கொக்கியை எடுத்துவிட்டாள். நான் "பிளக்" என்று வாயைத் திறப்பதற்குள் விசிறிச் சத்தம் நின்றுவிட்டது. பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்து, திரையையும் கீபோர்டையும் மௌஸையும் எடுத்து வந்து மாட்டினாள். இருநூற்றுப் பன்னிரண்டு நாள் போயிற்று. அழுகை வந்தது, ஆனால் அந்தப் பெண் முன்னால் எனக்கு அழ உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன். திருத்தத்தை நான் சொல்லச் சொல்ல அவளே தட்டினாள். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று ஆரம்பித்தேன். அதை அழித்துவிட்டு, 'கொள்ளேகால் கரியப்பன் நலமாக இருக்கிறார். படத்திலிருந்த மாணிக்கவாசகமும் நலம். காலமானவர் ஹனூர் கரியப்பன். தப்பு என் மேல்தான்' என்று போட்டு, அடியில் என் பெயரைப் போட்டாள். யோசித்துப் பார்த்தால் அதுவே சரி, பழியைச் சர்வர் மேல் போடுவது அநியாயம். எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம். லிங்கப்பனுக்கு அவளே போன் போட்டுப் படித்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, தன் போனிலும் பார்த்துவிட்டு, "சரிம்மா, புதன்கிழமை வர்றோம்" என்றார். அப்போதுதான் அந்தப் பெண் உட்கார்ந்து அழுதாள்.

நானும் உமாதேவியும் தீட்டுக்காரர்கள், நிச்சயதார்த்தத்துக்குப் போக முடியாது. எங்கள் சார்பில் நீயும் அஞ்சலையும் புதன்கிழமை நேராகக் கொள்ளேகாலுக்குப் போய்விடுங்கள். தட்டு மாற்றியதும் முதல் படத்தை எனக்கு அனுப்பு, வாட்ஸப் குழுக்களில் வருவதற்கு முன்னால் நம் பக்கத்தில் வந்துவிட வேண்டும். கனகாவிடம் இதைச் சொல்லாதே. தாலி கட்டி முடிகிற வரைக்கும் தன் வீட்டுச் செய்தி எதையும் நான் போடக் கூடாதென்று சொல்லி, கீபோர்டைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் மௌஸை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.